சின்ன மருந்து

வெள்ளிக்கிழமை காலை, கொழுந்து மாடியில் இரண்டாவது உத்தரத்தின் தலையில் நான் ஊற்றியிருந்த பசைக்குள் கத்தி முனையை வைத்து அழுத்தினேன். கத்தி இறங்கியது. பெரிதாக அழுத்தக்கூட இல்லை. ஊற்றி நான்கு நாள் ஆகியிருந்தது. வெளியே இழுத்தபோது கத்தியோடு ஒரு நூலும் வந்தது, பலாப்பழம் வெட்டிய கத்தியில் வருவது போல. விரலால் தொட்டேன், ஒட்டியது. மோந்து பார்த்தேன். ஊற்றிய அன்று இருந்த அதே நாற்றம்.

எட்டடி தள்ளி முதல் உத்தரம். அதன் தலையைக் கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் தன் கையால் ஊற்றியிருந்தார். அதைச் சுத்தியலால் தட்டினால் கருங்கல்லைத் தட்டிய சத்தம் வரும். இரண்டுக்கும் ஒரே பெட்டியில் வந்த டின்கள். ஒரே ஆற்று மணல். ஒரே மாசி மாதக் குளிர். அதை அவர் செய்தார், இதை நான் செய்தேன். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சாக்கை இழுத்து மூடிவிட்டு, உத்தரத்துக்குக் கீழே நிறுத்தியிருந்த முட்டுக்கட்டையில் சாய்ந்து உட்கார்ந்தேன். முட்டு இருக்கும்வரை ஒன்றும் விழாது. முட்டுக்கட்டையை எடுக்கும் நாளில்தான் என் கதை தெரியும்.

எங்கள் தோட்டம் பொகவந்தலாவைக் கடைவீதியிலிருந்து நான்கு மைல் மேலே. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம்; வெள்ளைக்காரன் அதைக் கட்டி எழுபது வருஷம் ஆகிறது. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாடவைப்பது மேல் மாடியில். ஒரு தட்டில் பார்த்தால் கொழுந்துக்கு எடையே இல்லை என்று தோன்றும். மாடி முழுக்க நிறைந்தால் ஆயிரக்கணக்கான ராத்தல். அவ்வளவையும் தாங்குவது ஆறு உத்தரங்கள். கப்பலில் வந்த சிவப்பு மரம், ஒவ்வொன்றும் ஓரடி உயரம். வடக்குச் சுவருக்கு வெளியே கூரைத் தண்ணீர் வடியும் பீலி அடைத்துக்கொண்டு மழைத்தண்ணீர் பல வருஷம் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். சுவருக்குள் புதைந்த இரண்டு தலைகள் உளுத்து, கையால் கிள்ளினால் புகையிலைத் தூள் மாதிரி உதிர்ந்தன.

உத்தரத்தை மாற்றுவதென்றால் கூரையில் பாதியைப் பிரிக்கவேண்டும். இரண்டு மாதம் ஸ்டோரை மூடவேண்டும். கம்பெனி அதற்கு ஒப்பவில்லை. அதனால் எஞ்சினியர் வந்தார். உளுத்ததை நல்ல மரம் வரும்வரை செதுக்கி எடு, நல்ல மரத்துக்குள் துளை போட்டு இரும்புக் கம்பி சொருகு, சுற்றிப் பலகை அடித்துப் பெட்டி கட்டு, பெட்டிக்குள் இந்தப் பசையையும் மணலையும் கலந்து ஊற்று, இறுகினால் மரத்தைவிடப் பலம் என்றார். எப்பொக்சி என்று அதற்குப் பெயர். ஸ்டோர் ஆட்களுக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. பெரிய டின்னில் இருந்த தேன் மாதிரியான சரக்குப் பெரிய மருந்து, அதை இறுகவைக்கும் சரக்குச் சின்ன மருந்து. சின்ன மருந்தில் கருவாடும் மூத்திரமும் கலந்த நாற்றம் அடிக்கும்.

முதல் தலையை அவர் ஊற்றியபோது நான் கூட நின்றேன். பெட்டிப் பலகையில் பசை ஒட்டாமலிருக்க மெழுகு வேண்டும் என்றார். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கொண்டுவந்து உருக்கிப் பூசினேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. டின்னோடு வந்த இங்கிலீஷ் தாளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஹட்டனில் எட்டாம் வகுப்புவரை படித்து, வாத்தியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன் நான். தட்டித் தடவி வாசித்துவிட்டேன். இருபது ராத்தல் பெரிய மருந்துக்கு நான்கு ராத்தல் சின்ன மருந்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"இரண்டாவதை இவரே செய்வார்" என்று எஞ்சினியர் தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனார். மரப்பெட்டிக்குள் வைத்திருந்த தன் பித்தளைத் தராசையும் எடுத்துக்கொண்டு போனார்.

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். இருபது வருஷம் தோட்டத்தில் பேசிய தமிழில் சொன்னார்: "மரியநாயகம், நீ நல்லா செஞ்சா நீ பாஸ். கெட்டுப்போனா ஹட்டன் கொந்தராத்துக்காரன் வருவான், நீ மலைக்குப் போ. சரியா?"

பாஸ் என்றால் தச்சு மேஸ்திரி. மலைக்குப் போவதென்றால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு சரிவில் நிற்பது. எட்டு வருஷம் இரவு வேலையில் ரோலர் மிஷினைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். ஒரு நாள் அது என் இடது காலில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் உளியைப் பிடித்தேன். மூன்று விரல் இல்லாத காலால் காய்ந்த தரையில் நடக்கலாம். மழையில் மலைச்சரிவில் நிற்கமுடியாது. துரைக்கும் அது தெரியும்.

இனி எடை போட்ட கதை. இருபது ராத்தல் டின்னின் மேலேயே எடை அச்சடித்திருந்தது, அதை அப்படியே கவிழ்த்தால் போதும். சின்ன மருந்து பெரிய கேனில் இருந்தது, அதில் நான்கு ராத்தலைத்தான் நிறுத்து எடுக்கவேண்டும். ஸ்டோரில் இருப்பது தேயிலைப் பெட்டி நிறுக்கும் மேடைத் தராசு, அதற்கு நான்கு ராத்தல் ஒரு ஈ மாதிரி. மிச்சம் இருந்தது, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தொங்கும் வட்டத் தராசு. துரை சொல்லி, கணக்கப்பிள்ளை சிவசாமி அதைத் திங்கட்கிழமை காலை எனக்குத் தந்தார்.

அந்தத் தராசைப் பற்றி எங்கள் லயத்து வீடுகளில் தெரியாதவர்கள் கிடையாது. அது ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு ராத்தல் தின்னும். சும்மா ஊகம் இல்லை. போன வருஷம் சிவசாமி ஒதுங்கப்போன நேரம் பார்த்து, கொழுந்து பறிக்கும் காளியாயி கடைவீதியில் வாங்கிவந்த ஒரு ராத்தல் பாண் ரொட்டி இரண்டைப் பைக்குள் போட்டுக் கொக்கியில் மாட்டிப் பார்த்துவிட்டாள். முள் அசையவில்லை. இரண்டு பாணுக்கும் எடையே இல்லை என்றது தராசு. அன்றைக்கு லயமே சிரித்தது. "நான் திங்கறதுக்கு முன்னாடி தராசு தின்னுருச்சுடி" என்று காளியாயி பாணைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். சிரித்ததோடு சரி. பதினாறு ராத்தல் பறித்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி; ஒரு ராத்தல் குறைந்தாலும் அரைப்பேர். காளியாயிக்கு வயது ஐம்பதுக்கு மேல். மாசி மாதம் கொழுந்து குறைவு. அவளுக்கு வாரத்தில் நான்கு நாள் அரைப்பேர்தான்.

ஆகவே நான் கணக்குப் போட்டேன். அலுமினிய ஜாடி அரை ராத்தல், சின்ன மருந்து நான்கு, ஆக நாலரை. தராசு இரண்டைத் தின்றுவிடும். முள் இரண்டரையில் நிற்கவேண்டும். ஜாடியில் ஊற்றி, மாட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றி, முள் இரண்டரையில் நின்றதும் நிறுத்தினேன். புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டதாக எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. எஞ்சினியர் ஊற்றிய பெட்டி ஒரு மணி நேரத்தில் தேநீர்க் கோப்பை மாதிரிச் சுட்டது. என்னுடையது சுடவில்லை. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு தின்ன லயத்தில் எங்கள் காம்பராவுக்குப் போனேன். என் மனைவி சிசிலி பகல் நிறுவை முடிந்து வந்திருந்தாள். காளியாயி வாசலில் நின்று வெற்றிலை கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"பாஸு, இந்த வாரம் ஒரு நாள்கூட அரைப்பேர் இல்ல எனக்கு" என்றாள். "திங்கள்லேருந்து முழுசு. கை இன்னும் செத்துப்போகல பாத்துக்க."

"ஒனக்கு மட்டுமா? எனக்கும்தான் கூடுது" என்றாள் சிசிலி. "கணக்கப்பிள்ளைக்கு நல்ல புத்தி வந்திருக்குக்கா. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறாரில்ல, புண்ணியம் தேடுறாரு."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளையே அமையக்கூடாது. பாத்துக்கிட்டே இருக்கட்டும் மனுசன்."

இருவரும் சிரித்தார்கள். நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து. கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

"என்னங்க, சோறு அப்புடியே இருக்கு?"

"வந்து தின்னுறேன்."

மடுவம் ஸ்டோருக்குக் கீழே, பாதை ஓரம். யாரும் இல்லை. தராசு விட்டத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வழியில் ஸ்டோரிலிருந்து எடுத்துவந்த வெறும் ஜாடியைக் கொக்கியில் மாட்டினேன். முள் உடனே நகர்ந்து அரை ராத்தலில் நின்றது. இரண்டு ராத்தல் தின்னும் தராசாக இருந்தால் வெறும் ஜாடிக்கு அசையக்கூடாது. திங்கட்கிழமை ஊற்றுவதற்கு முன்னால் ஜாடியை வெறுமையாக ஒரு தடவை மாட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். மாட்டவில்லை. தராசு பொய் சொல்லும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான்கு ராத்தல் போகவேண்டிய இடத்தில் இரண்டு போயிருக்கிறது. அது இந்த வருஷம் இறுகாது, அடுத்த வருஷமும் இறுகாது.

"என்ன பாஸ், மறுபடியும் எடை போடப் போறீங்களா?"

சிவசாமி பின்னால் நின்றார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் மப்ளர், கையில் குடை. நல்ல உயரமான மனிதர். நின்றால் கொஞ்சம் குனிந்து நிற்பார்.

"போட வேண்டி வந்திருச்சுங்க."

"தராசுல ஏதும் பிழையா?"

"இல்லைங்கய்யா. சரியாத்தான் இருக்கு. எப்பருந்து சரியா இருக்குன்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அவர் குடையைத் தூணில் சாய்த்து வைத்தார். கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். பாதையில் ஒரு லொறி ஏறிப்போய் அதன் சத்தம் வளைவில் மறைந்தது.

"துரை என்னைக் கூப்புட்டு, அரை ராத்தல் தப்புனாலும் முழு வேலையும் போச்சுன்னு எஞ்சினியர் சொன்னாருன்னாரு. நாளைக்கு உத்தரம் ஒடைஞ்சா மொதல்ல தராசைத்தான் பாப்பாங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் திருகை நிமித்திட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? இத்தனை வருசமா கோணலா வச்சிருந்தேன், இப்ப நிமித்திட்டேன்னா?"

அவர் நேர்மையாகத்தான் கேட்டார்.

"மடுவத்துல நூறு ராத்தல் கொழுந்து ஸ்டோர்ல போய் நிறுத்தா தொண்ணூத்தஞ்சு" என்றார். "வழியில காயுது, சிந்துது. அந்த அஞ்சு யாரு தலையில? ஏந் தலையில. எனக்கு முந்தி இருந்தவரு அந்தத் திருகைக் காட்டிக் குடுத்துட்டுப் போனாரு. நான் வீட்டுக்கு ஒரு எலைகூடக் கொண்டுபோகல பாஸ்."

"தெரியுங்க."

"துரைகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியலைங்க."

"குளிருன்னு சொல்லுங்க. மாசிப் பனி. நானும் கூட நின்னு சொல்றேன். துரை நம்புவாரு." மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒங்க வேலை முடியிறவரைக்கும் தராசு இப்படியே இருக்கும். மறுபடி நீங்க எடை போடணுமே. அப்புறம்..." என்று கையைத் தராசுப் பக்கம் லேசாக அசைத்தார். "அப்புறமும் சிசிலி கூடையில நான் கை வைக்க மாட்டேன். அது ஏம் பொறுப்பு."

"சரிங்க" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, யோசிக்காமலும் சொல்லவில்லை. மழையில் சரிவில் நிற்கும் என் கால்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை துரை மாடிக்கு வந்தார். சாக்கை விலக்கிப் பிரம்பால் குத்தினார். பிரம்பின் முனை ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னா இது? களி மாதிரி இருக்கு."

"குளிருங்க துரை. சூடு போதல."

"எஞ்சினியர் ஊத்துனப்ப குளிர் இல்லையா?"

சிவசாமி ஒரு அடி முன்னால் வந்தார். "அன்னைக்கு நல்ல வெயில்ங்க துரை. இவரு ஊத்துன திங்கக்கெழமை பங்களாத் தோட்டத்துல பனி வெள்ளையாக் கெடந்துச்சு, தொரசானிகூடப் பாத்தாங்க."

பனி கிடந்தது உண்மைதான். உண்மையைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்த மனிதர். துரை என்னைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார், பிரம்பின் முனையைப் பார்த்தார்.

"இன்னொரு டின் இருக்குதானே? இன்னொரு தரம் செய். டிரையர் சூட்டுக் காத்தை இந்தப் பக்கம் திருப்பு. வர்ற சனிக்கிழமை முட்டு எடுக்கணும், நான் நிப்பேன். நீயும் நிப்பே. எங்கே நிப்பே தெரியுமா?" பிரம்பால் உத்தரத்துக்கு நேர்கீழே காட்டினார். "இங்கே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இறுகாத பசையை எடுப்பது உளுத்த மரத்தை எடுப்பதைவிடச் சனியன் பிடித்த வேலை. உளியை வெந்நீரில் முக்கி முக்கிச் சுரண்டினேன். கம்பிகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நல்ல மரத்தின் ரேகைக்குள் போயிருந்ததைச் சின்ன ஊசியால் கிளறி எடுத்தேன். ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. சிசிலி போய்விட்டு வந்து, மாடிக்கே சோறு கொண்டுவந்தாள். காளியாயியும் கூட வந்து உத்தரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவர்களுக்குள் பேச்சு எப்படியோ பரவிவிட்டிருந்தது. பசைக்காகத் தராசு நிமிர்ந்திருக்கிறது, பசை வேலை முடிந்தால் தராசு பழையபடி ஆகிவிடும். நான் சொல்லவில்லை. பெண்களுக்குக் கணக்குப் போட யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

"இந்த மரம் எத்தனை நாளைக்குக் காயும் பாஸு?"

"அஞ்சு நாள்."

"அடுத்த மாசம் காயக்கூடாதா? மெதுவாக் காயட்டுமே, யாருக்கு என்ன அவசரம்?" காளியாயி முட்டுக்கட்டையைக் கையால் தட்டினாள். "இல்ல, அங்கிட்டு இன்னும் நாலு உத்தரம் இருக்கே. மாசம் ஒண்ணா உளுக்கவைக்க ஏலாதா?"

"ஏங்க்கா, அவரு தலை மேலதான் உளுத்து விழணும்" என்றாள் சிசிலி. சிரிக்கவில்லை. காளியாயி என் காலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அவள் போனபிறகு சிசிலி சாப்பாட்டுக் கிண்ணத்தைத் துணியில் கட்டிக்கொண்டே சொன்னாள்: "கணக்கப்பிள்ளை நேத்து என்னைப் பாத்துச் சிரிச்சாரு. இத்தனை வருசத்துல சிரிச்சதில்ல. ஏன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் முடிச்சை இறுக்கினாள். நம்பவில்லை என்பதற்கு அவளிடம் வேறு அடையாளம் கிடையாது.

திங்கட்கிழமை காலை ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு கலைந்ததும் தராசைக் கழற்றி மாடிக்கே கொண்டுபோனேன். பகல் நிறுவைக்குள் திருப்பித் தருவதாகச் சிவசாமியிடம் சொன்னேன். இந்தத் தடவை வெறும் ஜாடியை முதலில் மாட்டினேன். அரை. பிறகு நாலரை வரும்வரை ஊற்றினேன். முள் நின்றதும் ஜாடியை இறக்கி, மறுபடி மாட்டினேன். நாலரை. மூன்றாவது தடவையும் நாலரை. பெரிய மருந்தோடு கலந்து ஐந்து நிமிஷம் கிண்டினேன். மணலைக் கொட்டுவதற்கு முன்னால், தெளிவாக இருக்கும்போதே, ஒரு தகர மூடியில் கொஞ்சம் தனியே எடுத்து வைத்தேன். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

பெட்டிக்குள் ஊற்றி முடித்து, கம்பியால் குத்திக் காற்றை வெளியேற்றி, மேலே சாக்கைப் போட்டுவிட்டு வந்து தராசின் முன்னால் உட்கார்ந்தேன். முதுகில் ஒரு தகரத் தட்டு, இரண்டு ஆணி. கழற்றினால் உள்ளே பித்தளைத் திருகு. அதன் பள்ளம் பளபளவென்று தேய்ந்திருந்தது. தீக்குச்சி முனையில் பசையை எடுத்தேன். திருகைச் சுற்றி ஒரு வளையம், பள்ளத்துக்குள் ஒரு துளி, அதன்மேல் இன்னொரு துளி. கம்பிச் சுருளில் படாமல் பார்த்துக்கொண்டேன். நிறம் தேன். தகரத்தை மூடி ஆணியை முடுக்கிவிட்டு, வெறும் ஜாடியை மாட்டிப் பார்த்தேன். அரை.

காளியாயிக்காகச் செய்தேன் என்றால் பொய். சிவசாமியை எனக்குப் பிடிக்காது என்றாலும் பொய். வாக்குக் கொடுத்துவிட்டு அதற்கு எதிராகச் செய்தேன், அதையும் மறைக்கவில்லை. அந்தத் தராசு ஒரு தடவை உண்மை சொன்னபோது நான் நம்பவில்லை, இரண்டு நாள் உளியோடு அதற்கு அழுதேன். இனி ஒருவனும் அதன் முன்னால் நின்று யோசிக்கக்கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பகல் நிறுவைக்குத் தராசு மடுவத்தில் தொங்கியது. வாக்குப்படி சிவசாமி அதைத் தொடவில்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. மாடியில் பெட்டி சுட்டது, ஆறியது. டிரையரின் சூட்டுக் காற்று அதன்மேல் அடித்துக்கொண்டே இருந்தது. கீழே மடுவத்தில், தகரத் தட்டுக்குள், சூடு இல்லாத இடத்தில் அந்தத் துளி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அளவு சரி என்பது மட்டும் தெரியும்.

சனிக்கிழமை துரை வந்தார். பெட்டிப் பலகையைக் கழற்றினேன். மெழுகு பூசிய பலகை அழகாகக் கழன்றது. கத்தியை எடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினேன், கத்தி வழுக்கியது. மாடியில் கொழுந்து நிறையக் கிடந்தது. நான் உத்தரத்துக்கு நேர்கீழே நின்று முட்டுக்கட்டையின் ஆப்பைத் தட்டினேன். முதல் தட்டில் அசையவில்லை. இரண்டாவதில் நகர்ந்தது. மூன்றாவதில் கட்டை தளர்ந்து என் தோளில் சாய்ந்தது. மேலே ஏதோ ஒரு பலகை முனகியது. பிறகு சத்தமில்லை. துரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு சிகரெட் முழுக்கக் குடித்தார்.

"சரி, பாஸ்" என்றார். போய்விட்டார்.

கட்டையைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

மறு திங்கட்கிழமை பகல் நிறுவைக்கு நான் மாடி ஜன்னலில் இருந்தேன். பீலியைப் பார்க்கிற சாக்கு. கீழே மடுவம் நன்றாகத் தெரியும். கூடைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பேச்சுச் சத்தம் வழக்கத்தைவிடக் குறைவு. முட்டு எடுத்தாயிற்று என்று எல்லாருக்கும் தெரியும்.

சிவசாமி நேரத்தோடே வந்துவிட்டிருந்தார். தராசின் பின்பக்கம் போய், கோட்டுப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து இரண்டு ஆணிகளையும் கழற்றினார். மறைக்கவில்லை. தராசைச் சுத்தம் செய்கிறவர் மாதிரிச் செய்தார். திருப்புளியை உள்ளே விட்டு மணிக்கட்டைத் திருப்பினார். நிறுத்தினார். மறுபடி திருப்பினார். தோளோடு சேர்த்துத் திருப்பினார். குனிந்து உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் தடவினார்.

"என்னா கணக்கப்பிள்ளையய்யா, தராசுக்கு முதுகு சொறிஞ்சு விடுறீங்க?" காளியாயியின் குரல் மாடிவரை கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சிவசாமி நிமிர்ந்து நேராக என் ஜன்னலைப் பார்த்தார். நான் பின்வாங்கவில்லை. வெயில் அவர் கண்ணில் அடித்தது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். உளியால் கொத்தினால் பசை வரும், திருகோடு சேர்ந்து வரும். அப்புறம் துரையிடம் தராசு ஏன் உடைந்தது என்று சொல்லவேண்டும். என்னைப் பற்றிச் சொல்லலாம். திருகை ஏன் திருப்பப் போனார் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர் அதையெல்லாம் அங்கே நின்று நினைத்துப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. தகரத்தை மூடினார். ஒரு ஆணி கீழே விழுந்தது. அதைத் தேடவில்லை.

முன்பக்கம் வந்து நின்றார். வட்டத்தின் முகம் எப்போதும் அவர் பக்கம்தான் இருக்கும். நிறுக்க வருகிறவர்கள் அதன் முதுகைத்தான் பார்ப்பார்கள். முள் எங்கே நின்றாலும், எத்தனை ராத்தல் என்பது அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். இதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு துளி பசையால் ஒட்டக்கூடியது அவ்வளவுதான்.

காளியாயி கூடையை இறக்கிக் கொக்கியில் மாட்டினாள். தராசு ஆடியது. அப்போது வரிசையில் நாலாவதாக நின்ற சிசிலி தன் கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், வரிசையை விட்டு விலகி, தராசைச் சுற்றி நடந்து சிவசாமியின் பக்கத்தில் போய் நின்றாள். கன்னியாஸ்திரிகளிடம் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எண் தெரியும். கைகளைக் கட்டிக்கொண்டு முகத்தை உயர்த்தினாள்.

சிவசாமி அவளைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை. தராசு ஆடுவது மெதுவாக நின்றுகொண்டு வந்தது. இரண்டு பேருடைய முகமும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. காளியாயி கூடைக்கு அந்தப் பக்கம் நின்று, முள்ளைப் பார்க்கமுடியாமல், அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.